இரண்டாவது பிரேக்

1

இந்தக் கதையை என் அண்ணனைத் தோற்கடிப்பதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நேரில் பேசி அவனை ஜெயித்ததே கிடையாது. காகிதத்தில் என்றால் நான் கொடுத்தால்தான் அவனுக்கு வாய். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்தேன்.

(என்னைவிட இரண்டே வயது மூத்தவன். சின்ன வயதிலிருந்தே வாடா போடாதான். கதைக்காக மரியாதையைக் கூட்டினால் அவனே சிரிப்பான்.)

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன ஆபீஸ், சுவரில் போக்குவரத்துச் சின்னங்களின் படம், படத்துக்கு மேலே ஒரு சிலுவை. பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கற்றுக்கொள்கிறவர் எதிலாவது கொண்டுபோய் முட்டப் போகும்போது இவன் அதை அமுக்குவான். வருஷக்கணக்காக அமுக்கி அமுக்கி, அவன் கால் தனியாகப் புத்தி வைத்துக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் போனாலும் அமுக்கும். என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார் துரத்துவதைப் பார்த்தால் கீழே விரித்திருக்கிற பாய் கசங்கிவிடும். சர்ச் பூசையில் சாமியார் புதுசாக ஏதாவது பிரசங்கிக்க ஆரம்பித்தால் அந்தக் கால் மெதுவாகத் தரையில் அழுந்துவதை நானே பார்த்திருக்கிறேன்.

அவன் பழைய கத்தோலிக்கன். வயதைச் சொல்லவில்லை. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது நடந்த அந்த லத்தீன் பூசை இன்னும் எங்கே நடக்கிறது என்று விசாரித்து, எத்தனை தூரமானாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற ரகம். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூலைத் திறக்கமாட்டான். ஞாயிறு ஒருநாள்தான் சார் எங்களுக்கு ஒழியும் என்று வருகிறவர்களை, அப்போ அன்றைக்கு வீட்டில் இருங்கள் என்று அனுப்பிவிடுவான்.

நான் அப்படியில்லை. ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறேன், கதை எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அந்த வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே மகள்—"

அதோடு நிறுத்திவிட்டேன். அண்ணனின் மகள் எந்தச் செருப்புச் சத்தத்துக்கும் நடுங்கியவள் இல்லை. அண்ணி இறந்த பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதே அவன்தான். பின்னல் எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்துக் 'கோணல்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு ஒரு கம்பெனியில் பத்துப் பதினைந்து பேரை வேலை வாங்குகிறாள், எங்களுக்குக் கோணல்தான்.

இரண்டாம் தொடக்கம்: "சுதந்திரம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் இறுகியது." இதுவும் பொய். எங்கள் பெரிய சண்டைகள் எல்லாம் காரில் நடந்தவை. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். முகம் இறுகியதா இளகியதா, யார் கண்டது?

எனவே மூன்றாவது தொடக்கம், நடந்தது நடந்தபடி. கோணல் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் அத்தை, சர்ச்சில் இல்லை, அப்பா வரமாட்டேன் என்கிறார், நான் என்ன செய்யட்டும் என்றாள்.

"உன் இஷ்டம்டா கண்ணா," என்றேன். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்."

எனக்குத் தெரிந்த மிக மரியாதையான பதில் அது. அவள் வயதில் எனக்கு யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அவளோ வாடிப்போனாள். தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க அத்தை. ஃபிரெண்ட்ஸ், ஆபீஸ்ல, அவர் வீட்டுல, எல்லாரும். அப்பா ஒருத்தர்தான் வேணாம்னாரு."

"அதுக்குக் கோபம் வரணுமே உனக்கு?"

"கோபம்தான். ஆனா என் கல்யாணத்தை நினைச்சுத் தூக்கம் கெட்டது அவர் ஒருத்தருக்குத்தான்."

அண்ணனைத் தோற்கடிக்கும் கதை முதல் தடவையாக இடறியது இந்த இடத்தில்.

3

அடுத்து மாப்பிள்ளை. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவனைக் கெட்டவனாக எழுதினால் அண்ணன் ஜெயித்துவிடுகிறான். நல்லவனாக எழுதினால் கூடை நிறையச் சர்க்கரை கொட்டிய மாதிரி இருக்கிறது. என்ன செய்வது, ஆள் நிஜமாகவே நல்லவன். பிசியோதெரபிஸ்ட். கடவுள் என்று யாரும் இல்லை என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது, அதைப் பற்றிப் பேசவும் மாட்டான்.

கோணலுக்கு அவனை அறிமுகப்படுத்தியதே அண்ணனின் முட்டிதான். பிரேக் பாதி, ஜெபம் பாதி என்று முட்டி தேய்ந்துபோய், மகள்தான் அவனுடைய கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"முதல்ல முட்டி போடறதை நிறுத்துங்க சார்."

"அது ஒண்ணு மட்டும் நடக்காது தம்பி. வேற ஏதாவது சொல்லுங்க."

பையன் கொஞ்சம் யோசித்தானாம். பிறகு எந்த முட்டியை முதலில் இறக்குவது, பாரத்தைக் கைக்கு எப்படி மாற்றுவது, பெஞ்சைப் பிடித்து எப்படி எழுந்திருப்பது என்று முட்டி போடவே பயிற்சி கொடுத்திருக்கிறான். கடைசியில் ஒரு ஸ்பாஞ்சைக் கத்தரியால் வெட்டி, இதை வைத்துக்கொண்டு ஜெபியுங்கள் சார் என்று கையில் கொடுத்தான். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோணல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அப்பாவுக்கு முட்டி சரியான பிறகும் அவள் அங்கே போய்க்கொண்டிருந்தாள்.

[இந்த ஸ்பாஞ்சை நான் இட்டுக்கட்டினேன் என்று நினைப்பீர்கள். இட்டுக்கட்டுவதாக இருந்தால் இதைவிட நம்பும்படியாக இட்டுக்கட்டியிருப்பேன்.]

பங்குச் சாமியார் சமாதானம் பேசிப் பார்த்தார். சிரித்த முகம், பூசைக்குக் கிடார் வாசிப்பார், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அவர் அறையில் அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

"நம்பிக்கை இருக்கு, இல்ல, அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்மா. பேருக்கு ஒரு தடவை சர்ச்ல வந்து நில்லுங்க, பேப்பர் வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன். அப்பா மனசும் ஆறும்."

"நம்பாம பீடத்துக்கு முன்னாடி நின்னு சத்தியம் பண்ணினா அது பொய்தானே ஃபாதர்?" என்றாள் கோணல்.

"பொய்தான்," என்றான் அண்ணன்.

சாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே கட்சின்னா அப்புறம் எதுக்குச் சண்டை போடறீங்க?" என்றார். அவர் பிழைப்பும் கஷ்டம்தான்.

4

தாராளவாதம் என்று புத்தகங்களில் ஒரு சொல் இருக்கிறது. அண்ணன் வாயில் அது நுழையாது. அவன் வைத்திருக்கிற பெயர் உன்னிஷ்ட மதம். அதில் பத்துக் கட்டளைகள் கிடையாது, ஒன்றுதான்: உன் இஷ்டம். அதில் பாவம் என்று எதுவும் கிடையாது, அடுத்தவனுக்கு இடைஞ்சல் மட்டும்தான் உண்டு.

இந்த இடத்தில் அவன் வாதங்களை நொண்டியாக்கி எழுதவேண்டும் என்பது என் திட்டம். எழுதிப் பார்த்தேன். சனியன்கள் எழுந்து நடக்கின்றன. கேளுங்கள்.

"கோணலுக்கு லீவு செவ்வாய்க்கிழமை. அந்தப் பையனுக்கு வியாழன். எனக்கு ஞாயிறு. உனக்கு என்னிக்கு வேணாலும் லீவு. எல்லாருக்கும் லீவு இருக்கு, ஒண்ணா இருக்கா? ஞாயித்துக்கிழமைய ஆளுக்கொரு துண்டா வெட்டிக் குடுத்துட்டாங்க. யாரும் பிடுங்கலை. உன் வசதிக்கு எடுத்துக்கோன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்க. இப்ப ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு பேர் கூடணும்னா புதன்கிழமை அரை நாள் லீவு கேட்டு நிக்கறோம்."

"ஞாயித்துக்கிழமை கடை திறந்திருக்கறது நல்லதுதானேடா?"

"வாங்கப் போற உனக்கு நல்லது. உள்ள நின்னு பில் போடற பொண்ணு எந்த ஞாயித்துக்கிழமை அவ பிள்ளையோட உட்கார்ந்து சாப்பிடுவா?"

இன்னொரு நாள், சிக்னலில்:

"சத்தியம்னாலே இனிமே என் இஷ்டம் இல்லங்கறதுதான். இவங்க அதுக்குள்ளயும் இஷ்டத்தைக் கொண்டாந்து வச்சுட்டாங்க. பிடிக்கற வரைக்கும் இருப்போம்ங்கறது கல்யாணம் இல்ல. வாடகை."

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் சித்தியை எடுத்து வீசினேன். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு கடைசிவரை இருந்தவள் அவள். விட்டுவிட்டு வா, உன் இஷ்டம் என்று சொல்ல அவளுக்கு ஒருத்தரும் இல்லை.

"சித்திய பார்த்துக்க அப்ப சுத்தி அத்தனை பேர் இருந்தாங்க," என்றான்.

"ஆமா. அத்தனை பேரும் பார்த்துக்கிட்டேதான் இருந்தாங்க."

 அவன் கால் ஒரு தடவை அழுந்தியது, வண்டி நின்றுகொண்டிருந்தும்.

["அன்றைக்கு நான் ஜெயித்தேன்" என்று எழுதி, அடித்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தி பெயரில் ஒரு பூசை வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தான் என்று கோணல் சொன்னாள். அது பதிலா, மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.]

5

கதை இங்கே நிற்காமல் பின்னால் உருள்கிறது. நான் பிடிக்கப் போவதில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் பசியோடு ஆரம்பிக்கும். நன்மை, அதாவது பூசையில் சாமியார் தருகிற அப்பம், வாங்குகிற வரை வயிற்றில் ஒன்றும் இருக்கக்கூடாது. அப்பா எல்லாருடைய ஷூவையும் முந்தின நாளே பாலிஷ் போட்டு வாசலில் வரிசையாக வைத்திருப்பார். தெருவில் எல்லாக் கடை ஷட்டர்களும் இறங்கியிருக்கும். எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே பெரிதாகக் கேட்கும். தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பது எத்தனை அழகு என்று அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்திருப்பேன்.

லத்தீன் ஒரு வார்த்தை புரியாது. எங்களுக்குப் புரியாத மாதிரியேதான் முன்வரிசை வக்கீலுக்கும், கடைசியில் நிற்கிற மூட்டை தூக்குகிறவருக்கும் புரியாது. அதில் ஒரு சமத்துவம் இருந்தது.

பீடத்துக்கு முன்னால் நீளமாக ஒரு மரக் கிராதி, அதன்மேல் வெள்ளைத் துணி. தோளோடு தோள் இடிக்க எல்லாரும் அங்கே முட்டி போடுவோம். வக்கீலும் மூட்டைக்காரரும்கூட. சாமியாருக்குப் பக்கத்தில் அண்ணன் வருவான், பூசைக்கு உதவுகிற பையன்களின் வெள்ளை அங்கியில், கையில் கைப்பிடி வைத்த பித்தளைத் தட்டோடு. அப்பத்தில் ஒரு துணுக்குகூடக் கீழே விழக்கூடாது. அதற்காக ஒவ்வொருவர் மோவாய்க்குக் கீழேயும் அந்தத் தட்டைப் பிடிப்பான். என்னிடம் வரும்போது மட்டும் தட்டின் விளிம்பால் தொண்டையில் லேசாக ஒரு இடி. சில்லென்று இருக்கும். சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சிரித்தால் பாவம். கண்ணில் நீர் முட்ட அடக்கிக்கொண்டு திரும்பி வருவேன். என் பக்தியைப் பார்த்து அம்மா பூரித்துப்போவாள்.

வெளியே வந்ததும் அம்மாவின் கைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பன் வரும். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றே தின்போம். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பசியும் இல்லை, அந்தப் பன்னும் இல்லை.

கிராதியை ஒரு விடுமுறையில் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போது வரிசையில் நின்று, பஸ் டிக்கெட் வாங்குகிற மாதிரி கையை நீட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான் உள்ளே போவதையே விட்டுவிட்டேன், எனக்கென்ன வந்தது? ஆனாலும் எனக்கு அந்தக் கிராதி வேண்டும். நம்பிக்கை வேண்டாம், கிராதி மட்டும் வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. ஏக்கமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

6

புதன்கிழமை காலை.

அண்ணன் முன்பே சொல்லிவிட்டான்: "நான் உள்ள வந்து நின்னா அது கல்யாணம்னு நானும் ஒத்துக்கிட்ட மாதிரி. மனசுல இல்லாததுக்கு எப்படிம்மா சாட்சி நிப்பேன்?"

"சரிப்பா," என்றாள் கோணல்.

"ஆனா என் பொண்ணு அங்க டாக்சில போக வேணாம். கேட் வரைக்கும் வரேன்."

"நான்தான் ஓட்டுவேன்."

"நீதான் ஓட்டணும்."

ஆக, கூரையில் 'பயிற்சி வாகனம்' என்று போர்டு மாட்டிய காரில், புது உடுப்பில் கல்யாணப் பெண் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்தில் அண்ணன் அவனுடைய வழக்கமான சீட்டில், பின்னால் நான். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியைப் பார், இண்டிகேட்டர் போடு என்பதைத் தவிர அவன் வேறு ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு ஓட்டத் தெரிந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

அலுவலகத் தெருவுக்குத் திரும்பும் முன்னால் வண்டி சட்டென்று நின்றது. என் கைப்பை கீழே விழுந்தது. கோணல் பிரேக்கைத் தொடவே இல்லை.

"நாய்," என்றான் அண்ணன்.

முதல் வரைவில் நான் ஒரு நாயைப் போட்டேன். பழுப்பு நாய், ஒரு காது மடங்கியது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டாவது வரைவில் நாயை எடுத்துவிட்டேன், ரோடு வெறிச்சென்று கிடந்தது. அண்ணன் பொய்யன் ஆகிவிட்டான். பொய் சொல்லமாட்டேன் என்பதற்காகத்தான் அந்த மனுஷன் இத்தனை பாடும் படுகிறான். மூன்றாவது வரைவில் நாய் ஏற்கெனவே ரோட்டைக் கடந்துபோய்விட்டது. இது கோழைத்தனம். உண்மையைச் சொன்னால், நான் அப்போது ரோட்டைப் பார்க்கவில்லை. அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாயாப்பா?" என்றாள் கோணல்.

"நாய்தான்."

"என்ன கலர்?"

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அவளும் விட்டுவிட்டாள். எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, "உங்க கால் அங்க இருக்குங்கற தைரியத்துலதான்பா நான் ஓட்டவே கத்துக்கிட்டேன்," என்றாள்.

[இந்த வரி என்னுடையதல்ல. அவள் சொன்னதுதான். நானே எழுதியிருந்தால் இத்தனை கச்சிதமாக இருப்பதற்காகவே அடித்திருப்பேன்.]

கேட் வந்தது. படிக்கட்டில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். புது ஷூ கடித்திருக்க வேண்டும், காலை மாற்றி மாற்றி ஊன்றினான். எங்களைப் பார்த்ததும் கையை உயர்த்தப் போய், பாதியில் இறக்கிக்கொண்டான்.

அண்ணன் டேஷ்போர்டைத் திறந்தான். காகிதத்தில் சுற்றிய ஒரு பன்.

"காலைல ஒண்ணும் சாப்பிட்டிருக்கமாட்டே. தின்னு."

"இப்பவா?"

"மயக்கம் போட்டு விழப்போற."

அவள் தின்றாள். பசி, அவசர அவசரமாகக் கடித்தாள். புது உடுப்பில் துணுக்கு விழாமல் அண்ணன் தன் உள்ளங்கையை அவள் மோவாய்க்குக் கீழே கொண்டுபோய்—

7

இதுவரை எழுதியதை அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். அவன் ஆபீசில், போக்குவரத்துச் சின்னங்களுக்குக் கீழே உட்கார்ந்து படித்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"தட்டால இடிச்சது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?"

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட அதை எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா? சொல்லிட்டு அடுத்த வாரமும் இடிப்பேன்." சிரித்தான். பிறகு காகிதங்களைத் தட்டி அடுக்கினான். "அதுக்கு மேல எழுதாத."

"முடிவு வேணாமாடா கதைக்கு?"

"நான் உள்ள போனேன்னு எழுதினா உன் ஆளுங்க கைதட்டுவாங்க. போகலைன்னு எழுதினா என் ஆளுங்க கைதட்டுவாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் என் பொண்ணு யாருன்னே தெரியாது."

அண்ணனைத் தோற்கடிக்கும் கதை கடைசியாகப் படுத்துவிட்டது இந்த இடத்தில்.

8

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பின்சீட்டில் இருந்தவள் நான். சொல்லமாட்டேன்.

இந்த மாதிரிக் கதையை முடிக்க எங்களிடம் சுலபமான வழி ஒன்று உண்டு. முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு நைசாக எழுந்து போய்விடுவது. நானும் அப்படித்தான் எழுதினேன்: "அவர் இறங்கினாரா, இல்லையா? அது உங்கள் இஷ்டம்." திரும்பப் படித்துப் பார்த்தபோது கோணல் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டேன். உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட எனக்கு மனசில்லை.

அதனால் எனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவன் இறங்க வேண்டும். அவள் தனியாக அந்தப் படியேறக்கூடாது. அவன் நம்பாத ஒன்றுக்குத் தலையாட்டக்கூடாது, அவளும்தான். இத்தனையும் சேர்ந்து நடக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பேன்.

வண்டி நிற்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. படிக்கட்டில் ஒருவன் காலை மாற்றி ஊன்றிக்கொண்டு காத்திருக்கிறான். அண்ணனின் கால் பிரேக்கில், கை மகளின் மோவாய்க்குக் கீழே. ஒரு துணுக்கும் விழக்கூடாது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தபடி இருக்கிறான். காரில் அவன் முகத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பித்தளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம். கடைசி வாயை மெல்லும்போது உள்ளங்கையின் விளிம்பால் அவள் தொண்டையில் லேசாக ஒரு இடி இடித்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பின்சீட்டில் இடம் இருக்கிறது. நான் நகர்ந்துகொள்கிறேன். வாருங்கள், வந்து உட்காருங்கள், உடனே எழுந்து போய்விடாதீர்கள்.